ஒரு தார்ப்பாய் கேட்டதற்கு

— இதெல்லாம் என்ன சவரி? நான் உன்னட்ட ஒரேயொரு தறப்பாள்தானே கேட்டனான்!

— நீ ஒண்ணுதான் கேட்ட மலரக்கா. நான் தெருவுல போயி வாயத் தெறந்தேன். தெருவே தூக்கினு வந்து எங்க வூட்டு வாசல்ல கொட்டிட்டுது. இதுக்கு நான் இன்னா பண்ணுவேன், சொல்லு.

— இது ஒரு வண்டிச் சாமான் பிள்ளை. நான் கையில ஒரு பையோட பஸ்ஸில வந்தனான்.

— பஸ்ஸுல எவன் இத ஏத்துவான்? பாவாடைகிட்ட சொல்லி வெச்சிட்டேன். அவன் குட்டியானை அதோ நிக்குது பாரு. உன்னையும் ஏத்தி, மூட்டையும் ஏத்தி, கீழ்புத்துப்பட்டு முகாம் வாசல்ல எறக்கிட்டுத்தான் மறுவேலை. வா, ஏறு. அய்ய, இரு. மொதல்ல இன்னா இன்னா இருக்குதுன்னு பாத்துக்க. அப்பால கொறை சொல்லக் கூடாது.

— குறை சொல்ல எனக்கென்ன விசரா? ஆனா சவரி, இது மழைக்காலம். உப்பளம் முழுக்கத் தண்ணி நிக்குது. தை பிறக்கும் மட்டும் உங்களுக்கே கூலி இல்லை. இந்த நேரத்தில உங்களிட்ட வாங்கிக்கொண்டு போய் இலங்கைக்கு அனுப்பினா வடிவா இருக்குமே?

— த பாரு, இந்தப் பேச்செல்லாம் எங்கிட்ட வெச்சிக்காத. டிவில காமிச்சான். உங்க ஊர்ல புயல் அடிச்சி, ஏரி ஒடைஞ்சி, ஜனங்க பள்ளிக்கூடத்துல கும்பலா குந்தினு இருக்குதுங்க. அதப் பாத்த அன்னிக்கே எங்க தெருப் பொம்பளைங்க கேட்டாளுங்க, முகாம்காரங்க இன்னா அனுப்பப் போறாங்கன்னு. நீ வந்து கேக்கலன்னா நாங்களே வந்திருப்போம்.

— நாங்கள் பெரிசா ஒண்டும் செய்யேல்ல. ஆளாளுக்கு ஒரு பெட்சீட், ஒரு சோப்பு, ஒரு பால்மா எண்டு சேர்த்தம். முகாமுக்கு வாற சர்ச் ஃபாதர் ஆக்கள் பின்னேரம் லாரி அனுப்புகினம். லாரி நேர சென்னைத் துறைமுகத்துக்கு. அங்க கப்பல் நிக்குதாம். நனையாம, புதுசா, பொதியாக் கட்டித் தாங்கோ எண்டு சொன்னவை.

— எல்லாம் புதுசுதான். அங்க ஒரு வூட்டுக்கு ஒரு மூட்டைன்னு கட்டியிருக்குது. பிரிச்சிப் பாரு.

— சோத்துப் பானை. மூடி. அகப்பை. வாளி. போர்வை. கயிறு. கொசுவத்தி. சவரி, இப்படிக் கட்டோணும் எண்டு ஆர் சொன்னது?

— யாரு சொல்லணும்? போன வருசப் புயலுக்கு நாங்க பட்டது போதாதா? கழுவெளி ஏரித் தண்ணி பூந்து எங்க வூடெல்லாம் மொழுவுனப்ப எங்களுக்கு இன்னா வந்துது தெரியுமா? பிரெட்டு. அப்பால பிஸ்கோத்து. அப்பால மறுபடியும் பிரெட்டு. வாயெல்லாம் இனிச்சிக்கினே இருந்துது. ஒரு கைப்பிடி அரிசியப் போட்டு வடிக்கலாம்னா குண்டான் இல்ல. அது தண்ணியோட போயிடிச்சி.

— ஓம், அது பெரிய கஷ்டம்.

— ஒரு லாரி நெறைய பழைய துணி வந்துதே, அதச் சொன்னனா? அதுல ஒரு கோட்டு சூட்டு இருந்துது. டையோட. எங்க மாமனாரு குளுருதுன்னு அத எடுத்து மாட்டிக்கினாரு. தண்ணி வடிஞ்சதும் உப்புப் பாத்தி இன்னா ஆச்சின்னு பாக்க வரப்பு மேல நடக்குறாரு, கோட்டோட. தூரத்துலேருந்து பாத்தவன் எவனோ, கலெக்டரு வந்துட்டாரு, கலெக்டரு வந்துட்டாருன்னு ஓடியாந்து நாலு பேரு மனு குடுத்துட்டாங்க.

— ஐயோ சவரி, எத்தினை தரம் கேட்டாலும் என்னால ஏலாது. வயிறு நோகுது.

— சிரி, சிரி. அவரும் மனுவ வாங்கி வெச்சிக்கினாரே! ஆங், அதான் சொல்றேன். அதனாலதான் இந்தத் தடவ துணி மூட்டை ஒண்ணுகூட வரக் கூடாதுன்னு தெருவுல சொல்லிட்டேன்.

— இது என்ன, எல்லாப் பொதிக்குள்ளயும் ஒரு சின்னப் பொட்டலம்?

— உப்பு.

— உப்பு அங்கயும் இருக்கு பிள்ளை.

— இருக்கட்டுமே. மரக்காணத்துலேருந்து உப்பு இல்லாம ஒரு மூட்டை போவுமா? புது வூட்டுக்குக் குடி போனா மொதல்ல எத எடுத்துனு உள்ள போவாங்க? உப்பத்தான?

— அங்க வீடே இல்லை சவரி.

— கட்டுவாங்கல்ல.

— ஓம். கட்டுவினம்.

— அப்ப வாயத் தொறக்காத. இது நெத்திலிக் கருவாடு. பூவிழி வூட்ல குடுத்துச்சி.

— அது மட்டும் வேண்டாம். கப்பல் முழுக்க மணக்கும். திருப்பிக் குடுத்திடு.

— குடுத்தத எப்டித் திருப்பிக் குடுக்குறது? லாரியில மூட்டை ஏத்துற உங்க முகாம் பசங்க வறுத்துத் தின்னட்டும். டேய் பாவாடை! கயிறு இறுக்கிக் கட்டினியா? தூறல் வந்தா மேல மூட ஷீட்டு இருக்குதா? த பாரு, தலையத்தான் ஆட்டுவான். வாயில முத்து இருக்குது, பேசினா கொட்டிடும். கண்ணாலத்தன்னிக்கு ஐயிரு கேட்டதுக்கே தலையத்தான் ஆட்டினான். ஏறுக்கா. ஜன்னலோரமா குந்து, நான் நடுவுல குந்திக்கிறேன்.

— மெல்லமா ஓட்டச் சொல்லு. பானையள் நெளிஞ்சு போகும்.

— நெளிஞ்சா இன்னா, சோறு வேவாதா? போடா, போ.

— சவரி, நான் ஒண்டு சொல்லட்டா?

— சொல்லு.

— போன வருசம் நாங்கள் உங்களுக்குச் செய்ததை மனசில வச்சுத்தானே இவ்வளவும் தந்தனீங்கள்? அது பெரிய விசயமே இல்லை. ஒரு அண்டா இடியாப்பம்.

— உனக்கு அது ஒரு அண்டா இடியாப்பம். எங்களுக்கு? தண்ணி இன்னும் வடியவே இல்ல. எங்க சொந்தக்காரனே ரோடு சரியில்லைன்னு போன்ல சொல்லிட்டான். நீங்க முட்டி வரைக்கும் தண்ணில நடந்து, அண்டாவத் தலைமேல வெச்சிக்கினு வர்றீங்க. யாரோ அடையாளம் தெரியாத பொம்பளைங்க. வாயத் தெறந்தா, "சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ"ன்றீங்க. எங்க மாமியா பயந்துட்டாங்க, கேரளாக்காரங்க வந்துருக்காங்கன்னு.

— எங்களைக் கண்டா எல்லாருக்கும் மலையாளிதான்.

— அன்னிக்கு உங்க முகாம்லயும் ஓடு பறந்துதாமே? அத நாங்க அப்பாலதான் கேள்விப்பட்டோம். எங்கிட்ட சொல்லவே இல்ல நீ.

— சொல்லி என்ன? எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில படுத்துப் பழக்கம். உங்களுக்கு அது புதுசு. அதுதான் வந்தம்.

— அந்தத் தேங்கா சட்னிதான் காது வரைக்கும் எரிஞ்சிது.

— அது சம்பல். சட்னி இல்லை.

— எதுவோ ஒண்ணு. அதத் தின்னப்பறம்தான் குளுரே விட்டுது. இத்தினி வருசமா இங்க இருக்குற, இன்னும் எண்டு, வண்டு, சம்பலுன்னு. எங்க பாஷ ஒட்டவே இல்லியே உனக்கு.

— ஒட்டியிருக்கு. உனக்குத் தெரியேல்ல. பெரியக்காவிட்டக் கேள், "நீ இந்தியாக்காரி மாதிரிக் கதைக்கிறாய்" எண்டு ஒவ்வொரு முறையும் ஏசுவா.

— உங்க அக்கா எப்டி இருக்காங்க? அந்தப் பக்கம்தான ஏரி ஒடைஞ்சிது? இன்னாக்கா, அந்தப் பக்கம் திரும்பிக்கின? மலரக்கா. இங்க திரும்பு. அழுவுறியா நீ?

— இல்லை. காத்து.

— காத்து எங்கக்கா அடிக்குது? கண்ணாடி மூடிக்கெடக்குது. அக்காவுக்கு இன்னா?

— தெரியாது சவரி. வெள்ளம் வந்த நாளில இருந்து அவவின்ர போன் வேலை செய்யேல்ல. எடுத்து எடுத்துப் பாக்கிறன். பிறகு நானே பொதி கட்டப் போயிடுவன். கை சும்மா இருந்தா மனசு எங்கயெல்லாமோ போகுது.

— மாதாவே! இத மொதல்ல சொல்ல மாட்டியா? நான் பாட்டுக்குக் கோட்டு சூட்டுன்னு கதை பேசிக்கினு இருக்கேன்.

— நல்லதுதானே. எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிச்சனான்.

— வேற யாருகிட்டயும் கேக்கலியா? அக்கம்பக்கத்துல?

— எங்கட ஊர் மூதூர்ப் பக்கம் ஒருத்தரின்ர போனும் இல்லை. கரண்டும் இல்லையாம். குளக்கட்டு உடைஞ்சு தண்ணி ஊருக்குள்ள வந்தது எண்டு செய்தியில சொன்னது. எங்கட வீடு பள்ளத்தில சவரி. மாரி எண்டாலே முற்றத்தில தண்ணி நிக்கும். அக்கா தனிய. அத்தான் மூண்டு வருசத்துக்கு முந்திப் போயிட்டார்.

— அவங்க ஏன் அப்பவே உங்க கூட வர்ல? நீங்கல்லாம் போட்ல வந்தீங்களே, அப்ப.

— மன்னார்க் கரை வரைக்கும் வந்தவ. அம்மாவும் வந்தவ. வள்ளத்தைக் கண்டவுடன அம்மா மணலில இருந்திட்டா. ஏற மாட்டன், கடல்ல சாக மாட்டன், என்னை விட்டுட்டுப் போங்கோ எண்டு ஒரே பிடிவாதம். ஆராவது ஒராள் அம்மாவோட நிக்கோணும். எனக்கு அப்ப பதினேழு வயசு. அக்கா என்னைத் தள்ளி ஏத்திவிட்டா. நடந்து நடந்து என்ர செருப்பு அறுந்துபோச்சு. தன்ர செருப்பைக் கழட்டி வள்ளத்துக்குள்ள எறிஞ்சா. அதைப் போட்டுக்கொண்டுதான் நான் ராமேஸ்வரத்தில இறங்கினனான். அது எனக்குப் பெரிசு. டப்பு டப்பெண்டு சத்தம் போடும்.

— அதுக்கப்பறம் பாக்கவே இல்லியா?

— போன்ல பாக்கிறம். நல்ல வடிவா முகம் தெரியும். தலை எல்லாம் நரைச்சிட்டுது. அம்மா மாதிரியே வந்திட்டா.

— சும்மா இரு. ஒண்ணும் ஆயிருக்காது. செருப்பக் கழட்டி எறிஞ்சிட்டு வெறுங்கால்ல ஊருக்குத் திரும்பினவங்க. தண்ணி அவங்கள இன்னா பண்ணும்? டேய் பாவாடை, கூனிமேடு வந்துட்டுதுல்ல, பாய் கடையாண்ட நிறுத்து. ரெண்டு நிமிசம். நீ எறங்காதக்கா. கண்ணத் தொடைச்சிக்கினு குந்தினு இரு.

— எங்க போறாய்?

— உன் தார்பாயி! அத வாங்கவே இல்லியே இன்னும்.

— சவரி... கெதியா வா. பாவாடைத் தம்பி, நீங்களும் ஒண்டும் கதைக்க மாட்டியள் போல. நல்லது. சில நேரம் அதுவும் நல்லதுதான். அந்தா, வந்திட்டா. சவரி, இது என்ன, இவ்வளவு தறப்பாள்! ஒண்டு போதும், ஒண்டு காணுமே!

— பிடி, பிடி, இந்தாண்ட இழு. பாய் குடுத்தாரு. கேட்டது ஒண்ணு, குடுத்தது பத்து. மூதூருக்குப் போவுதுன்னு சொன்னேன். அது எங்க இருக்குது, யாரு இருக்காங்கன்னு கேட்டாரு. எனக்கு இன்னா தெரியும்? முஸ்லிம் ஜனங்களும் அங்க இருக்காங்கன்னு நீ எப்பவோ சொன்னியே, அதச் சொன்னேன். "எல்லாம் ஒரே தண்ணிலதான் கெடக்குறாங்க, பிரிச்சிப் பிரிச்சிச் சொல்லாத"ன்னு என்னையே திட்டிட்டு, கொசுவலை ஒரு கட்டு வேற தூக்கிப் போட்டாரு. துவா பண்றேன்னு சொல்லச் சொன்னாரு.

— அவர் சொன்னது சரிதான். எங்கட வளவுக்கும் சுலைகா வீட்டுக்கும் நடுவில ஒரு மதில்தான். சுலைகாவும் அக்காவும் சின்ன வயசில இருந்து கூட்டாளியள். நோன்புக் கஞ்சி மதிலுக்கு மேலால வரும், பொங்கல் மதிலுக்கு மேலால போகும். இடையில ஊருக்குள்ள ரெண்டு பகுதிக்கும் கனக்கப் பிரச்சினை நடந்தது. ரெண்டு பேரும் கதைக்காம இருந்த வருசங்களும் இருக்கு. பிறகு அந்த மதில் தானா விழுந்துது. புதுசாக் கட்டேக்க ரெண்டு பேரும் சேந்து கொஞ்சம் கட்டையாக் கட்டினவை.

— யக்கா, உன் போனு.

— என்ன?

— போன் அடிக்குது. பைக்குள்ள. எடு!

— சவரி. இது... பெரியக்கா எண்டு காட்டுது.

— எடேன்! பாத்துனே இருந்தா நின்னுடப் போவுது. குடு இங்க, நான் ஸ்பீக்கர்ல போடுறேன். அலோ! அலோ!

— ஆர் கதைக்கிறது? மலர் இல்லையே?

— அக்கா! அக்கா, நான் மலர். எங்க இருக்கிறாய்? என்ன நடந்தது உனக்கு?

— எனக்கு ஒண்டும் நடக்கேல்ல. அழாதையடி. கெதியாக் கதை, அடுப்பில உலை கொதிக்குது.

— உலையா?

— பள்ளிக்கூடத்தில நிக்கிறன். நானூறு சனத்துக்கு மேல இருக்கு. ஆர் சமைக்கிறது? நானும் சுலைகாவும்தான். எனக்கு மூச்சு விட நேரமில்லை, நீ அங்க இருந்து அழுதுகொண்டு இருக்கிறாய்.

— ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா! நான் நீ செத்துப்போயிட்டாய் எண்டு...

— போன் என்னட்ட இருந்தாத்தானே சொல்லுறதுக்கு. வள்ளம் கொண்டு வந்த பெடியளிட்டக் குடுத்திட்டன். அவையின்ர போன் எல்லாம் தண்ணிக்குள்ள போட்டுது. எந்தக் கூரையில ஆள் நிக்குது எண்டு தெரியாம அவை சுத்துகினம். என்ர போன்ல சார்ஜ் இருந்தது. கொண்டு போங்கோ எண்டன். பிறகு டவரும் விழுந்திட்டுது; இண்டைக்குச் சிக்னல் வந்து, சார்ஜும் ஏத்தி இப்பத்தான் ஒரு பெடியன் திருப்பிக் கொண்டந்து தாறான். உன்ர நம்பர் என்ர மண்டையில நிக்கேல்ல, என்ன செய்ய?

— தண்ணி வரேக்க நீ எங்க நிண்டனி?

— பகல்தானே. குசினிக்குள்ள கறி கூட்டிக்கொண்டு நிண்டனான். முற்றத்தில ஆடு ரெண்டும் கத்துது. எட்டிப் பாக்கிறன், ஆட்டின்ர வயித்து மட்டும் தண்ணி. சுலைகா மதிலுக்கு அங்கால நிண்டு என்ர பேரைச் சொல்லிக் கத்திக் குழறுறா. ஆட்டை முதல் தூக்கிக் குடுத்திட்டு நான் பிறகு ஏறினன். அவையின்ர மேல்வீட்டில ரெண்டு நாள் இருந்தம். அவையள் ஒன்பது பேர், நான், ஆடு ரெண்டு.

— ஆடும் மேலயோ அக்கா?

— பின்ன? சுலைகாவின்ர மகளுக்குக் கலியாணச் சீலை எடுத்து வச்சிருந்தவை. அதில முந்தானையை ஆடு திண்டிட்டுது.

— எம்மாடி! அப்பறம்?

— உது ஆர் பக்கத்தில சிரிக்கிறது?

— எங்கட சவரி. மரக்காணம். நான் சொல்லியிருக்கிறன் எல்லே.

— ஓ, கோட்டுப் போட்ட மாமனாரின்ர மருமகளே?

— அய்யய்ய, அது இலங்கை வரைக்கும் போயிட்டுதா! வணக்கங்க. நல்லா இருக்கீங்களா?

— இருக்கிறன் பிள்ளை. நீங்கள் சுகமே? அந்தக் கதையை நேற்றைக்கும் இஞ்ச சனத்துக்குச் சொன்னனான். எல்லாரும் அழுதுகொண்டு இருந்ததுகள், சிரிச்சதுகள்.

— அக்கா, இவவின்ர தெரு முழுக்கச் சேந்து சாமான் தந்திருக்கு. பானை, வாளி, பெட்சீட், தறப்பாள், நுளம்புவலை. இண்டைக்குக் கப்பலுக்குப் போகுது. வேற என்ன வேணும், சொல்லு. இன்னும் நேரம் இருக்கு.

— நல்லது. பானை வேணும்தான், வீட்டுக்குப் போற சனத்துக்குக் குடுக்கலாம். அரிசி, பருப்பு வருது. கொழும்பில இருந்தும் வருது, பெரிய லொறியள் வருது. சாமானுக்குக் குறை இல்லையடி. ஆள்தான் இல்லை.

— ஆளோ?

— சமைக்க, தேய்க்க, குழந்தையளைப் பாக்க. வாற ஆக்கள் போட்டோ எடுத்துப்போட்டு, பின்னேரம் போயிடுகினம். சுலைகாவுக்கு முந்தநாள் கஞ்சி ஊத்திக் கை வெந்துபோச்சு. ஒரு கையாலதான் கிண்டுறா. படு எண்டாப் படுக்கிறாளுமில்லை. எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு. ஒரு பத்து நாளைக்கு ஆராவது ஒரு திடமான பொம்பிளை கூட நிண்டாளெண்டாக் காணும்.

— அக்கா... நான்...

— நான் உன்னைக் கேக்கேல்ல மலர். எனக்குத் தெரியும். சும்மா மனசு ஆறச் சொன்னனான்.

— நான் வந்திருக்கோணும்.

— விசர்க்கதை கதையாதை. உனக்குப் பேரப்பிள்ளை இருக்கு. நீ அங்க இருந்து செய்யிறதே பெரிசு. வீடு சுவர் நிக்குது, கூரைதான் போயிட்டுது. கிணறு இருக்கு, இறைக்கோணும். எல்லாம் வரும். வைக்கிறன், உலை பொங்குது. சவரிப் பிள்ளை, சந்தோசம், என்ன? உங்கட மாமனாரைக் கேட்டதாச் சொல்லுங்கோ.

— அலோ? அலோ? வெச்சிட்டாங்க.

— உயிரோட இருக்கிறா சவரி.

— இருக்காங்களா? நானூறு பேருக்குச் சோறு பொங்குறாங்க! அழு, நல்லா அழுதுக்க. இப்ப அழுதா தப்பில்ல. டேய் பாவாடை, நீ ஏன்டா மூக்க உறிஞ்சுற? ரோட்டப் பாரு.

— இது சந்தோசத்தில வாற கண்ணீர். விடு. எனக்கு இப்பப் பசிக்குது.

— பசிக்கும், பசிக்கும். முகாமுக்குப் போயி அந்தக் கருவாட்ட வறுக்கலாம். யக்கா, எனக்கு ஒண்ணு சொல்லு. ஆளு வேணும்ன்றாங்களே, இங்கேருந்து யாரும் போவலியா?

— ஃபாதர் ஆக்கள் போகினம். ஒரு டாக்டர், ரெண்டு நர்ஸ், கொஞ்சப் பெடியள். சமையலுக்கு ஒரு பொம்பிளை வேணும் எண்டு போன ஞாயிறு முகாமில வந்து கேட்டவர். பெரிய பெரிய அண்டாவில சமைச்சுப் பழகினவ வேணுமாம். பாஸ்போர்ட் இருக்கிறவை கையை உயர்த்துங்கோ எண்டார். அவ்வளவு பேர் இருந்தம். ஒரு கையும் எழும்பேல்ல.

— ஒருத்தர்கிட்டகூடவா இல்ல?

— எங்களிட்ட முகாம் அட்டைதான் இருக்கு. நாங்கள் போறதெண்டா அனுமதி வாங்கி ஒரேயடியாப் போகோணும். மகள் பூங்குழலி இஞ்ச பிறந்தவ. அவவின்ர புருசன் இஞ்ச, பிள்ளை இஞ்ச. எல்லாத்தையும் விட்டுட்டு நான் எப்படிப் போறது?

— அப்ப உன் ஊருக்கு உன்னாலயே போவ முடியாதுன்ற.

— போகலாம் பிள்ளை. திரும்பி வரத்தான் ஏலாது.

— மாதாவே. இன்னா சட்டமோ.

— அதை விடு. இண்டைக்கு அழுதது காணும்.

— அவங்க எப்ப கெளம்புறாங்க, ஃபாதர் ஆளுங்க?

— வாற கிழமை. கிறிஸ்மசுக்கு முந்தித் திரும்பி வந்திடுவினம். பூசை வைக்கோணுமே.

— டிக்கெட்டு, விசால்லாம்?

— எல்லாம் அவையே பாப்பினம். சாப்பாடு, படுக்கையும் அவையின்ர பொறுப்புத்தான்.

— பிளேன்ல எம்மா நேரம் ஆவும்?

— ஏறியிருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்க இறங்கலாமாம். எனக்கென்ன தெரியும், நான் வந்தது வள்ளத்தில.

— அங்க இன்னா அரிசி? குண்டரிசியா?

— சிவப்பரிசி. கறிக்கெல்லாம் தேங்காய்ப்பால் விடுவினம். தூளை நல்லா வறுத்துப் போடுவினம். ஏன் சவரி? நீ ஏன் இதையெல்லாம் கேக்கிறாய்?

— சும்மாதான். எங்க சர்ச்சுத் திருவிழாவுல அன்னதானத்துக்கு யாரு பொங்குறது? நான்தான. ஆறு அண்டா. தை மாசம் வரைக்கும் உப்பளத்துல வேலையும் கெடையாது. டேய் பாவாடை, வண்டிய ஓரமா நிறுத்து.

— என்ன, வயித்தைப் பிரட்டுதே? முகாம் கிட்ட வந்திட்டம் பிள்ளை, அந்த வளைவு திரும்பினா...

— ஒண்ணும் பிரட்டல. போன வருசம் புயல்ல எல்லாம் போனப்ப, குவைத்துக்கு வூட்டு வேலைக்குப் போறேன்னு ஒரு பாஸ்போர்ட்டு எடுத்தேன். அப்பால போவல. ஒரு முத்திரைகூட விழாம எங்க வூட்டுப் பொட்டியில கெடக்குது. ஃபாதர்கிட்ட நான் பேசிக்கிறேன், எங்க வூட்டுக்காரருக்கு அப்பால சொல்லிக்கலாம். நீ உங்க அக்காவுக்குப் போன் போடு, இன்னொரு தங்கச்சி வர்றான்னு சொல்லு.